ஸ்டோர் சகாயம் கிட்டார் பழகிய மழைக்காலம்

சாந்தன்பாறைப் பக்கம் வந்து ஸ்டோர் சகாயம் என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஆள் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இருட்டிவிட்டால் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு எரித்துக்கொண்டிருப்பார். விடிந்துவிட்டால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த இரண்டையும் விட்டால் அவரைப் பார்க்கக்கூடிய இடம் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். அங்கேயும் பிரசங்கம் தொடங்கியதும் தலை தொங்கிவிடும். ஒருமுறை சாமியாரே, "சகாயத்தை எழுப்ப வேண்டாம், பாவம், களைத்து வந்திருக்கிறார்" என்று மைக்கில் சொல்லிவிட, கோயிலே சிரித்தது. அந்தச் சத்தத்துக்கும் மனிதர் அசையவில்லை.

வேலை அப்படி. ஏலக்காட்டில் பெண்கள் பகலெல்லாம் எடுத்துவரும் பச்சைக் காயைச் சாயங்காலம் கழுவி, தட்டுகளில் பரப்பி, சூட்டறைக்குள் அடுக்க வேண்டும். பிறகு அடுப்பில் விறகு தள்ளி, அறையின் சூடு ஏறாமலும் இறங்காமலும் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏறினால் காய் மஞ்சளடித்துவிடும். இறங்கினால் வியர்த்துக் கெட்டுவிடும். பச்சை மாறாமல் காய் உலர்த்துவதில் சகாயத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சூப்பர்வைசர் அழகுமலையே சொல்வார். அழகுமலை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமா என்ன!

கல்யாணத்துக்கு முன்பே பிடித்த வேலை. வயது ஐம்பதைத் தாண்டியும் விட்டபாடில்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கிவிட்டது. மூட்டு மூட்டாக வலி. உடம்பில் ஏறிய புகை வாசனை எந்த சோப்புக்கும் மசியாது. மனைவி ஷீனா காட்டில் காய் எடுக்கப் போகிறவள். அவள் கிளம்புகிற நேரத்தில் இவர் வந்து படுப்பார். அவள் திரும்புகிற நேரத்தில் இவர் கிளம்புவார். "எங்களுக்குப் புள்ள பொறந்ததே ஞாயித்துக்கெழம லீவு இருந்ததாலதான்" என்று சொல்லி, கூட வேலை செய்கிற பெண்களை ஷீனா சிரிக்க வைப்பாள். சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவளுக்கும் தெம்பு கிடையாது.

அப்படிப் பிறந்த ஒரே பிள்ளைதான் டின்சி. பதினொன்றாம் வகுப்புக்கே ஹாஸ்டலுக்குப் போனவள். பிறகு கோயம்புத்தூரில் நர்சிங், அதன்பிறகு ஜெர்மன் மொழிப் படிப்பு என்று வெளியிலேயே இருந்துவிட்டாள். பரீட்சை தேறி, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் முடிவாகி, விசாவுக்குக் காத்திருக்க வீட்டுக்கு வந்தாள். ஜூன் மாதம் மழையும் டின்சியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மழை விடுவதற்குள் விசா வந்துவிடும் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். வந்தால் கிளம்ப வேண்டியதுதான். போனால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, யார் கண்டது.

வந்த மறுநாள் சகாயம் தூக்கத்தை விட்டுவிட்டு சாந்தன்பாறைக் கடைத்தெருவுக்குப் போய், சுடச்சுட முட்டை பஃப்ஸ் வாங்கிவந்தார். சின்ன வயதில் அதற்காக ரோட்டில் உருண்டு அழுத பிள்ளை. டின்சி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"முட்டை சாப்பிடறத விட்டு ரொம்ப நாளாச்சுப்பா. ஒத்துக்கிறதில்ல."

"அப்படியா தாயி. எப்பலேர்ந்து?"

"பத்தாங்கிளாஸ்லேர்ந்து."

பஃப்ஸை ஷீனா சாப்பிட்டாள். சகாயத்துக்கு அன்று தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் இவள் இந்த வீட்டில்தானே இருந்தாள்? ஒரே கூரைக்குக் கீழே இருந்த பிள்ளை எதைத் தின்கிறது, எதைத் தின்னவில்லை என்று தெரியாத தகப்பன் என்ன தகப்பன்? புரண்டு புரண்டு படுத்தார். இருவரும் பேசிக்கொள்வதும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. "சாப்டியா?" "சாப்டேன்." "மழ விட்டுச்சா?" "இல்ல." அவ்வளவுதான், தீர்ந்தது. சண்டை கிண்டை ஒன்றுமில்லை. பேச ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை.

அப்படிப் புரண்டுகொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சத்தம் என்று சொல்வதே அதிகம். சமையல் பக்கத்தில் யாரோ விரலால் எதையோ தடவுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், டின்சி ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரலின் சதையால் கம்பியைத் தொட்டுத் தொட்டு விடுகிறாள். அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது.

"இது என்ன பாட்டு தாயி?"

டின்சி திடுக்கிட்டுக் கம்பியை உள்ளங்கையால் பொத்தினாள். "எழுப்பிட்டேனாப்பா?"

"இல்ல இல்ல. முழிச்சுத்தான் கெடந்தேன். வாசி."

"ஜாஸ்ப்பா. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அக்காகிட்ட கிட்டார் வாங்கினேன். போன்ல பார்த்துப் படிச்சது."

அவள் எப்படி அந்தச் சங்கீதத்தில் போய் விழுந்தாள் என்று கேட்டால் சிரிப்பு வரும். வயிற்றெரிச்சலும் வரும். சின்னப் பிள்ளையிலிருந்து பகலில் அந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான்: அப்பா தூங்குறாரு, மெதுவா. பாத்திரம் மெதுவாக வைத்து, கதவு மெதுவாகச் சாத்தி, பாடம்கூட வாய்க்குள்ளே படித்து வளர்ந்தது அந்தப் பிள்ளை. நர்சிங் ஹாஸ்டலுக்குப் போனால் அங்கேயும் எந்நேரமும் யாராவது நைட் டூட்டி முடித்துப் படுத்திருப்பார்கள். ஓங்கி அடித்து வாசிக்கிற பாட்டெல்லாம் அவளுக்குத் தோதுப்படவில்லை. மெதுவாக வாசிப்பதையே அழகாக வாசிக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று போனில் பார்த்தபோது, அதையே பிடித்துக்கொண்டாள்.

சகாயம் கேட்டுக்கொண்டு நின்றார். பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அதை அவர் அதற்கு முன் பார்த்ததேயில்லை. வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"எனக்கும் சொல்லித் தர்றியா?"

டின்சி சிரித்துவிட்டாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு யோசித்தாள். "பாட்டோட ராகம் நான் வாசிப்பேன். பின்னால கம்பிகளச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்க ஆள் வேணும். நானும் ரொம்ப நாளா ஒரு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். பிடிக்கிறீங்களா?"

"நீ கெளம்புறதுக்குள்ள வந்துருமா?"

"ஒரே ஒரு பாட்டு. தினமும் வாசிச்சா வரும்."

அன்றைக்கு சகாயம் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். பிள்ளை விமானம் ஏறுவதற்குள் ஒரு பாட்டை, முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் நிறுத்தாமல் அவளோடு வாசித்துவிட வேண்டும். இத்தனை வருஷம் தூங்கிக் கழித்ததற்கு வேறு என்னத்தைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை. இதையாவது செய்வோம் என்று நினைத்தார்.

கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிற செபாஸ்டினிடம் ஒரு பழைய கிட்டார் சும்மா கிடந்தது. கேட்கப் போனபோது செபாஸ்டினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சகாயண்ணே, கிட்டார் படிக்கப் போறீங்களா? ஒங்களுக்கு இந்தக் கிட்டார் தலகாணிக்கு ஆகும். எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தார். அன்றையிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து, முகம் கழுவி, பாலில்லாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டோருக்குக் கிளம்பும்வரை பாடம். தூக்கத்தில் இரண்டு மணி நேரம் போயிற்று. அந்த வயதில், அந்த வேலையில், இரண்டு மணி நேரத் தூக்கம் என்பது சின்ன விஷயமில்லை. ஸ்டோரில் தூக்கிய விறகுக் கட்டை கை நழுவிக் காலடியில் விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுத் தட்டிலேயே கண் சொருகியது.

கிட்டார் பழகுகிற எல்லோருக்கும் முதலில் விரல் நுனி வலிக்கும், கொப்புளம் வரும் என்பார்கள். சகாயத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. அடுப்புக் கதவைத் திறந்து மூடி அவர் விரல் எப்போதோ செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. வந்த தொல்லை வேறு. கம்பி விரலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தெரியாததால் அழுத்தினார். அழுத்த அழுத்தச் சுருதி பிசகியது.

"அப்பா, அது விறகு இல்ல. மெதுவா."

"மெதுவாத்தான் புடிக்கிறேன்."

"இன்னும் மெதுவா. கோழிக்குஞ்சப் பிடிப்பீங்கல்ல, அந்த அளவுக்கு."

டின்சி கண்டிப்பான வாத்தியார். ஆறு கம்பியில் மூன்றைத்தான் அழுத்தக் கொடுத்தாள். மீதி மூன்றும் சத்தம் போடக் கூடாது. சகாயத்துக்கு அது ஒப்பவில்லை. இவ்வளவு கம்பியைக் கட்டிவைத்துவிட்டுப் பாதியை ஊமையாக்குவதாவது! "அங்கதான்ப்பா நான் வாசிக்க எடம் வேணும்" என்றாள். சரி என்று கேட்டுக்கொண்டார். கார்டுகளின் பெயர் டி மைனர் செவன், ஜி செவன் என்று நீளமாகப் போனதும் தலை சுற்றியது. அவர் தன் வழியில் போனார். கிட்டார்க் கழுத்தில் தலைப்பக்கம் இருக்கிற கட்டங்கள் மேல்தட்டு, அதற்கு அடுத்தது நடுத்தட்டு, அப்புறம் கீழ்த்தட்டு. சூட்டறையில் தட்டு அடுக்குகிற கணக்கு. டின்சி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து, "அப்பா, இப்ப நடுத்தட்டு, நடுத்தட்டு!" என்று அவளே கத்திக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும்விடப் படுத்தியது தாளம். கோயிலில் எல்லோரும் கை தட்டுகிற இடம் ஒன்று, ஜாஸில் தட்டுகிற இடம் வேறு. அங்கே முதல் அடியில் தட்டுவார்கள். இங்கே முதல் அடியைச் சும்மா விட்டுவிட்டு இரண்டாவதில் தட்ட வேண்டும், மறுபடி நான்காவதில். சகாயத்தின் கால் வாழ்நாளெல்லாம் மாதா பாட்டுக்குத் தட்டிப் பழகிய கால். அது சொன்ன பேச்சுக் கேட்குமா? இவர் கை ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் போக, டின்சி கை உயர்த்தி நிறுத்துவாள். பிசகினால் உடனே நிறுத்துவாள், முதலிலிருந்து என்பாள். ஒரு நாளில் அவள் கை உயர்ந்ததைச் சேர்த்தால் கோயிலில் சாமியார் ஒரு மாதம் ஆசீர்வாதம் கொடுத்த அளவு தேறும்.

பாட்டில் நடுப்பகுதி என்று ஒன்று இருந்தது. அதுவரை ஒரு வழியில் போய்க்கொண்டிருக்கிற பாட்டு, அங்கே வந்ததும் திடீரென்று வேறு சுருதிக்குத் தாவிவிட்டு, பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வரும். அந்தத் தாவலில் சகாயம் தினமும் தொலைந்துபோனார். கை உயரும், நிற்கும், முதலிலிருந்து தொடங்கும். மறுபடி அதே இடத்தில் தொலைவார். ஒரு நாள்கூட அதைத் தாண்டவில்லை.

தாண்டாவிட்டால் என்ன. அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பனும் மகளும் பேசினார்கள். ஹாஸ்டலில் முதல் மாதம் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதது, ஒரு பையனைப் பிடித்திருந்தது, பிறகு பிடிக்காமல் போனது என்று கம்பிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே டின்சி சொன்னாள். சகாயம் பாதியைத் தூக்கக் கலக்கத்தில் கேட்டார். ஆனால் கேட்டார். அந்த வாரம் ஸ்டோரில் கண்ணயர்ந்து ஓர் அறைக் காய் மஞ்சளடித்துவிட்டது. அழகுமலை காயைக் கையில் அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"யோவ் சகாயம், என்னய்யா இது? ஒன் கையில காய் மஞ்சளடிச்சு நான் பாத்ததே இல்லையே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கெட்டார் படிக்கிறேன்யா."

அழகுமலை கையிலிருந்த காயைத் தட்டிலேயே கொட்டினார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஆகஸ்டில் மழை வெறி பிடித்த மாதிரி பெய்தது. அந்த மலையில் மழைக்காலத்தில் எது பூஞ்சை பிடித்துப் பூக்காது? செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோவுக்குள்ளே போய்ப் பூக்கும். லயத்து ஜனங்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான்: ஸ்டோருக்கு அனுப்பு. காய் இறக்கிய பிறகு சூட்டறையில் மிச்சச் சூடு இருக்கும். அதில் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், மெத்தை, கோயில் பாட்டுக்குழுவின் அங்கி எல்லாம் காயும். அழகுமலை தன் மகள் கல்யாண ஆல்பத்தையே ஒருமுறை சகாயத்திடம் கொடுத்துக் காய வைத்து வாங்கிப் போனார். சகாயம் கையில் கொடுத்தால் எதுவும் கெடாது என்று எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. அவருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

விசா வேலையாக டின்சி கொச்சிக்குப் போன அன்று, அவளுடைய கிட்டாரின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருப்பதை சகாயம் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கேயும் பூஞ்சை. பிள்ளை திரும்பி வருவதற்குள் சரியாக்கி வைத்துவிட வேண்டும் என்று துடித்துப் போய்விட்டார். எவ்வளவு ஆசையாகச் செய்தார் தெரியுமா! துண்டால் துடைத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய், காலியாகக் கிடந்த ஓர் அறையில் காய்க்கு வைக்கிற சூட்டைவிடக் குறைவாகவே வைத்து, அடியில் சாக்கு விரித்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேல்தட்டில் கிடத்தினார். கம்பிகளைத் தளர்த்த வேண்டும் என்று தோன்றவில்லை. அது ஒட்டிச் சேர்த்த பொருள், பசைக்குச் சூடு ஆகாது என்றும் தோன்றவில்லை. சாக்கும் மெத்தையும் காய்ந்தால் இதுவும் காயும் என்று நினைத்தார். காலையில் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

மத்தியானம் போய்க் கதவைத் திறந்தால், கம்பிகளை இழுத்துப் பிடித்திருந்த கட்டை பிய்ந்துகொண்டு வந்து கம்பியோடு தொங்குகிறது. முதுகுப் பலகை ஓரத்தில் வாயைப் பிளந்திருக்கிறது. முன்பலகையில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். சகாயம் அதை மடியில் வைத்துக்கொண்டு விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ மாதாவே, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று வாய்விட்டே புலம்பினார். கேட்க அங்கே யாரும் இல்லை.

மறுநாள் டின்சி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். சகாயம் மறைக்கவில்லை. கொண்டுவந்து முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். அவள் விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா. போன் கையிலதானே இருந்துச்சு."

"பூத்துப் போச்சு தாயி, நல்லது பண்ணலாம்னு..."

"நல்லதா? என்கிட்ட நீங்க எப்பப்பா எதக் கேட்டிருக்கீங்க? இந்த வீட்ல நான் வாயத் தெறந்து சத்தமா ஒரு பாட்டுப் பாடினதில்ல. நாள் பூரா ஒங்க தூக்கத்துக்குக் காவல் இருந்தே வளந்தேன். எனக்குன்னு ஒரு சத்தம் இருந்துச்சு, அதயும் கொண்டுபோய் அடுப்புல வச்சுட்டீங்க."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சகாயம் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதன்பிறகு வீட்டில் பழையபடி "சாப்டியா", "சாப்டேன்" திரும்பி வந்தது. மூன்று மணிப் பாடம் நின்றுவிட்டது. கண்ணீரும் கம்பலையுமாக இருந்தாலாவது தேவலை; இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதுதான் கொடுமை. ஷீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டும் ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருந்தா நான் யார்கிட்டதான் பேசுறது? ஏங்க, நீங்களாவது போய் மன்னிப்புக் கேளுங்களேன்."

"கேட்டுட்டேன்டி. பரவால்லப்பாங்குது. அதுக்கு மேல என்ன சொல்ல?"

"அப்ப கிட்டாரு?"

சகாயம் செபாஸ்டின் கொடுத்த பழைய கிட்டாரை ஸ்டோருக்கு எடுத்துப் போய்விட்டார். விறகு சாத்தி வைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து, சாயங்காலம் காய் வந்து சேர்வதற்கு முன் தனியாகத் தட்டு மாற்றிப் பழகினார். யாருக்காகப் பழகுகிறோம் என்று அவருக்கே சந்தேகம். நிறுத்தவும் மனசு வரவில்லை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. நடுப்பகுதி வந்தால் வழக்கம்போலத் தொலைந்தார்.

விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் காட்டில் காய் கொட்டிக் கிடந்தது. ஸ்டோரில் ஓர் அறைகூடக் காலியில்லை. சகாயம் காலையில் அழகுமலையைத் தேடிப் போய், அன்று வேலைக்கு வரமாட்டேன் என்றார்.

"பொண்ணு போறது நாளைக்குத்தானய்யா? ஏர்போட்டுக்குப் போக நாளைக்கு லீவு எடுத்துக்க. இன்னிக்கி ஏன் கழுத்தறுக்குற?"

"இன்னிக்கிதான்யா வேல இருக்கு."

"என்ன வேல?"

சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் இப்படி வந்து நின்றதில்லை என்பது அழகுமலைக்குத் தெரியும். "சரி, போய்த் தொல. நானே அடுப்புப் பாக்குறேன். காய் கருகினா நான் பொறுப்பில்ல" என்று எரிந்து விழுந்தார். எரிந்து விழுந்துகொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் நடந்தார்.

வீட்டில் டின்சி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷீனா அவல் வறுத்து, ஊறுகாய் கட்டி, கிலோக் கணக்குச் சரியாக வர வேண்டுமே என்று அக்கம்பக்கத்து வீடுகளில் எடை மிஷின் தேடி அலைந்துகொண்டிருந்தாள். சகாயம் ராத்திரி பூராவும் விழித்த கண். படுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்தார். வா என்று பிள்ளையைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? சும்மா வாசிக்கத் தொடங்கினார்.

மேல்தட்டு, நடுத்தட்டு, மறுபடி மேல்தட்டு. இரண்டாவது அடியில் கை, நான்காவதில் கை. கால் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்டது. நடுப்பகுதி வந்தது. தொலைந்தார். முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி தொலைந்தார். கண் எரிந்தது. கையை உதறிவிட்டு இன்னொரு தடவை தொடங்கினார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. வார்த்தை கிடையாது. லாலா என்று பாட்டின் ராகத்தை மட்டும் பாடுகிற குரல். சகாயம் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். கம்பியைக் கோழிக்குஞ்சைப் போலப் பிடித்துக்கொண்டு போனார். குரல் கிட்டே வந்தது. டின்சி கையில் மடித்த சுடிதாரோடு வந்து எதிர்ப்படியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பாடினாள். தன் பிள்ளைக்கு இப்படி ஒரு குரல் இருப்பது சகாயத்துக்கு அன்றுதான் தெரியும்.

நடுப்பகுதி வந்தது. போக வேண்டிய தட்டு எது என்று மனசு சொன்னது. களைத்த கை இரண்டு கட்டம் தள்ளிப் போய் அழுத்திவிட்டது. போச்சு. இப்போது அவள் கை உயரும் என்று சகாயம் பல்லைக் கடித்தார்.

கை உயரவில்லை. அவள் குரல் ஒரு கணம் தடுமாறிய மாதிரி இருந்தது. பிறகு இவர் கை போன இடத்துக்கே அவளும் ஏறி வந்தாள். பாட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. அவள் பாடியதும் இருந்த மாதிரி ஆகிவிட்டது. சகாயம் பதறி இன்னொரு தப்பான தட்டுக்குப் போனார். அவள் அதற்கும் வந்தாள். இவர் தேட, அவள் கூட வர, இரண்டு பேருமாக எப்படியோ இறங்கிப் பழைய இடத்தைப் பிடித்தார்கள். அதற்கு மேல் தெரிந்த வழி. கடைசிக் கார்டை அழுத்திவிட்டு சகாயம் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார், சத்தம் அடங்கும்வரை.

எடை மிஷினைக் கையில் பிடித்தபடி ஷீனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயம்தான் முதலில் கேட்டார்.

"நடுவுல நான் தப்பிட்டேன்ல?"

"ரெண்டு தடவ."

"அப்பறம் ஏன் தாயி நிறுத்தல? எப்பவும் நிறுத்துவியே."

டின்சி சுடிதாரை மடியில் வைத்துத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடக் கூடாது என்று அவள் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இன்னிக்கி நிறுத்தினா அதோட முடிஞ்சுருமேப்பா. அதான் நீங்க போன எடத்துக்கெல்லாம் நானும் வந்தேன்."

சகாயம் அழுதார். துண்டை எடுக்கக்கூடத் தோன்றாமல், கிட்டாரைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷன் என்ற வெட்கமில்லாமல் அழுதார்.